கடைக் கணக்கு வீட்டுக் கணனியில்: வைரஸிலிருந்து காப்பது எப்படி?

பகலில் கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இரவில் வீட்டுக் கணனிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நமது வர்த்தகர்களில் பலரின் நிலை இதுதான். யார் எவ்வளவு தர வேண்டும், மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகள் எவை, வற் கணக்கு, இறக்குமதி ஆவணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதே கணனியில்தான் பிள்ளைகள் பாட நோட்ஸ் இறக்குகிறார்கள், கேம் விளையாடுகிறார்கள், நண்பன் கொடுத்த பென் டிரைவைச் செருகிப் படம் பார்க்கிறார்கள். கடைக்கு இரண்டு பூட்டுப் போடும் நாம் இந்தக் கணனிக்கு ஒரு பூட்டாவது போட்டிருக்கிறோமா?

ஆரம்ப கால வைரஸ்கள் பெரும்பாலும் குழப்பம் செய்வதோடு நின்றன. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் அது தன்னைத்தானே அனுப்பியது. படங்களைக் கெடுத்தது, பாட்டுகளை மறைத்தது. இன்று வருபவற்றுக்குப் பெரும்பாலும் காசுதான் குறி. வியாபாரிக்கு அவற்றில் இரண்டு வகை மிகவும் ஆபத்தானவை. ஒன்று கப்பம் கேட்பது. மற்றது சத்தமில்லாமல் உளவு பார்ப்பது.

கப்பம் கேட்கும் வைரஸ் உங்கள் கணக்குகளை அழிப்பதில்லை. அவற்றை இரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்கிறது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வானாக்ரை' 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணனிகள் அகப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று அப்டேட் அறிவித்தலை மூடியவர்கள் பலர் மாட்டினார்கள்.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, 'நொட்பெட்யா' வந்தது. உக்ரேனில் வர்த்தக நிறுவனங்கள் பாவிக்கும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் நுழைந்து அது பரவியது. கொழும்புத் துறைமுகத்துக்கும் கொள்கலன் கொண்டுவரும் மேர்ஸ்க் கப்பல் கம்பனி அதில் நிலைகுலைந்தது. சுமார் 45,000 கணனிகளையும் 4,000 சேர்வர்களையும் மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று. நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர் என்று கம்பனியே கணக்கிட்டது. அவர்களின் முழு வலையமைப்பையும் நிர்வகிக்கும் தகவலின் ஒரே ஒரு நல்ல பிரதி கானா நாட்டு அலுவலகத்தில்தான் மிஞ்சியிருந்தது. தாக்குதல் நடந்த நேரம் அங்கே மின்சாரம் தடைப்பட்டு அந்தக் கணனி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததே காரணம். மின்வெட்டுக்கு நன்றி சொன்ன கம்பனி உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் நாட்டிலும் இது நடந்தது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களை வைத்திருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் 2023 ஓகஸ்டில் இப்படித் தாக்கப்பட்டது. சேவை சீக்கிரம் திரும்பியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பேக்கப் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகளின் அந்தக் கால மின்னஞ்சல்கள் போய்விட்டன.

ஆகவே முதல் வேலை பேக்கப். எந்த வைரஸ் காட் வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். ஒரு வெளி ஹாட் டிஸ்க் வாங்குங்கள். கிழமைக்கு ஒரு தடவை கணக்குகளை அதில் கொப்பி செய்து, உடனே வயரைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கழற்றாமல் விட்ட டிஸ்க்கையும் கப்ப வைரஸ் சேர்த்தே பூட்டும். இன்னொரு பிரதி கடையில் இருந்தால் வீட்டில் தீயோ வெள்ளமோ வந்தாலும் பயமில்லை. கூகுள் டிரைவ் போன்றவற்றில் வைப்பதும் நல்லதே, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்: கணனியில் பூட்டப்பட்ட பைல் அப்படியே மேலே ஏறி நல்ல பைலின் இடத்தைப் பிடித்துவிடக்கூடும். பழைய பிரதிகளை எடுக்க வழி உண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டும். மாதத்துக்கு ஒரு தடவை பேக்கப்பிலிருந்து ஒரு பைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது வகை, அதாவது உளவு பார்ப்பது, எனக்கு இதைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது. கணனி வழமைபோல வேலை செய்யும். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் மட்டும் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும். திருடன் உங்கள் மின்னஞ்சலை நாள்கணக்கில் வாசிப்பான். சீனாவிலோ துபாயிலோ உள்ள விநியோகத்தருடன் நீங்கள் விலை பேசி முடித்து, டீ.டீ. அனுப்பும் தறுவாயில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்' என்று ஒரு கடிதம் வரும். இன்வொய்ஸ் இலக்கம் சரியாக இருக்கும். தொகை சரியாக இருக்கும். கையெழுத்தும் சரியாக இருக்கும். கணக்கிலக்கம் மட்டும் திருடனுடையது. சரக்கு வராதபோதுதான் விடயம் தெரியவரும். அதற்குள் பணம் வேறு நாட்டுக்குப் போயிருக்கும். இதற்கு எந்த மென்பொருளும் முழு மருந்தல்ல. கணக்கிலக்கம் மாறியதாக யார் எழுதினாலும், பழைய இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, பழகிய ஆளின் குரலில் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். கடிதத்தில் தந்திருக்கும் புதிய தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காதீர்கள், அதுவும் அவனுடையதாகவே இருக்கும். மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும்படி செய்து வைத்தால், கடவுச்சொல் மட்டும் திருடியவனால் இலகுவில் நுழைய முடியாது.

இனி, இவை வீட்டுக்குள் வரும் வழிகள். பெரிய வாசல் கிராக் செய்த மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும் கணக்கு மென்பொருளோ கேமோ, 'முதலில் அன்டிவைரஸை நிறுத்துங்கள்' என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். திருடன் வந்து காவல்காரனை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது போன்றது அது. அடுத்தது பென் டிரைவ். கொமியுனிகேஷனில் பிரின்ட் எடுக்கக் கொடுத்துத் திரும்பியதும், பைல்களுக்குப் பதிலாக ஷோர்ட்கட்டுகள் தெரிவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பைல்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன, அந்த ஷோர்ட்கட்டைத் திறந்தால் வைரஸ் ஓடும். பிரின்ட் எடுப்பதற்கென்று வெறுமையான பென் டிரைவ் ஒன்றை ஒதுக்குங்கள். மின்னஞ்சலில் வரும் இன்வொய்ஸும் ஒரு வழிதான். பைலின் பெயர் பீ.டீ.எப். என்று தெரியும், உண்மையில் முடிவு ஈ.எக்ஸ்.ஈ. ஆக இருக்கும். வின்டோஸ் அந்தக் கடைசி எழுத்துகளை வழமையாக மறைத்து வைப்பதால் ஏமாறுகிறோம். பைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் அவற்றைக் காட்டச் சொல்லலாம்.

வின்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் என்ற காவல் மென்பொருள் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும் என்பதே என் கருத்து. வின்டோஸ் 10 பாவிப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது, தனியாகப் பதிவு செய்தவர்களுக்கே மேலும் சிறிது காலம் அப்டேட் உண்டு. பிள்ளைகளுக்கு வேறு ஒரு கணக்கு, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாததாக, திறந்து கொடுங்கள். வசதியுள்ளவர்கள் வியாபாரத்துக்குத் தனிக் கணனி வைப்பது இதைவிட நல்லது.

பைல்கள் திறக்காமல் கப்பக் கடிதம் திரையில் தோன்றினால் உடனே இணைய வயரைக் கழற்றுங்கள், வைபையையும் நிறுத்துங்கள். பணம் அனுப்பினாலும் திறப்புக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நொட்பெட்யாவில் கொடுத்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. வேறொரு கணனியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு அறிவியுங்கள். 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திடமும், பணம் போயிருந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணனிக் குற்ற விசாரணைப் பிரிவிடமும் முறையிடலாம். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணனியில் அவசரப்பட்டுச் செருக வேண்டாம். முழுவதையும் அழித்து வின்டோஸை மீண்டும் போட்ட பின்னரே அதைச் செருக வேண்டும்.