சுழல் பம்பின் தண்டு அடைப்பு: சுலபமாய்ப் பழுதுபார்க்கத்தக்க அமைப்பும் பராமரிப்பும்

ஏற்றமும் கமலையும் வழங்கிய காலத்தில், சால் கிழிந்தாலும் வடம் அறுந்தாலும் அன்றைக்கே சரிசெய்துகொண்டு மறுநாள் விடியலில் இறைவையைத் தொடங்குவது குடியானவர்களுக்குக் கைவந்த காரியமாயிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் ஸர் ஆல்பிரட் சாட்டர்டன் அவர்களின் முயற்சியால் சென்னை ராஜதானியில் எண்ணெய் இஞ்சினால் ஓடும் பம்புகள் கிணற்றுப் பாசனத்துக்கு வந்தன. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மின்சார பம்புகள் பெருகின. இறைக்கும் நீரின் அளவு பன்மடங்கு உயர்ந்தது உண்மையே. ஆயினும், பழுது நேர்ந்தால் உடையவரே சரிசெய்துகொள்ளும் பழைய சௌகரியம் பெரிதும் குறைந்துவிட்டது.

இந்நாளில் ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மூழ்கிப் பம்புகளே மிகுதியாக வழங்குகின்றன. என்றாலும் திறந்த கிணறுகளிலும், வாய்க்கால் ஓரங்களிலும், நீர்மட்டம் மேலாக உள்ள இடங்களிலும் தரைமேல் வைத்து ஓட்டும் சுழல் பம்புகள் இன்றும் உழைத்து வருகின்றன. இவற்றில் அடிக்கடி கவனிப்பைக் கோரும் உறுப்பு, சுழலும் தண்டு பம்பின் உடலுக்குள் நுழையும் இடத்திலுள்ள அடைப்பாகும். நாற்றங்கால் விட்ட சமயத்திலோ கதிர் வெளிவரும் தருணத்திலோ இவ்வடைப்புக் கெட்டு இரண்டு மூன்று தினங்கள் பம்பு நின்றுவிடுமாயின், அதனால் விளையும் நஷ்டத்துக்கு அடைப்பின் விலை சிறிதும் ஈடாகாது. ஆதலின் பம்பு வாங்குவோர் அதன் இறைப்புத் திறனை மட்டும் பாராமல், அடைப்பை எவ்வளவு எளிதில் மாற்றலாம் என்பதையும் முன்னதாகவே ஆராய்ந்து பார்த்தல் அவசியம்.

அடைப்பின் இரு கடமைகள்

பம்பின் உடலுக்குள் இம்பெல்லர் என்னும் விசிறிச் சக்கரம் சுழன்று நீரை வெளியே தள்ளுகிறது. அச்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, உடலின் பின்சுவரிலுள்ள துவாரத்தின் வழியாக மோட்டாரை நோக்கி வெளிவருகிறது. தண்டு சுழலவேண்டுமாதலின் துவாரத்தை இறுக மூடிவிட இயலாது. மூடாது விட்டாலோ அவ்வழியே நீர் ஒழுகும். இவ்விரண்டுக்கும் இடையில் சமாதானம் செய்து வைப்பதே அடைப்பின் வேலை.

நீர் வெளியேறாமல் தடுப்பதொன்றே அதன் கடமை என்று பலர் எண்ணுகின்றனர். காற்று உள்ளே புகாமல் தடுப்பதும் அதற்கொப்பான கடமையே. உறிஞ்சு குழாயில் நீர் மேலேறுவதற்குக் காரணம் வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் அவ்வழுத்தம் தாங்கக்கூடிய நீர்க்கம்பத்தின் உயரம் கணக்கின்படி சுமார் 10.3 மீட்டர். உராய்வு முதலிய இழப்புகளைக் கழித்தால் அனுபவத்தில் 6 முதல் 7 மீட்டர் வரையில்தான் நீரை உறிஞ்ச முடியும். இம்பெல்லரில் சமன்துளைகள் உள்ள பம்புகளில், அடைப்பு இருக்குமிடத்து அழுத்தம் ஏறக்குறைய உறிஞ்சு குழாயின் அழுத்தத்தையே ஒத்து, வெளிக்காற்றின் அழுத்தத்திற்குக் குறைவாக இருக்கும். அடைப்புத் தேய்ந்தால் அங்கே நீர் வெளிவராது. காற்றே உள்ளே புகும். நீரின் வரத்துக் குறைந்து, பம்பு இரைச்சலிட்டு, முடிவில் நீரை விட்டுவிடும். ஆகவே, ஒரு சொட்டும் ஒழுகவில்லையென்பதைக் கொண்டே அடைப்பு நல்ல நிலையில் இருப்பதாகத் தீர்மானித்துவிடலாகாது.

இருவகை அடைப்புகள்

முதலாவது வகை கயிற்று அடைப்பு. தண்டைச் சுற்றியுள்ள பெட்டியில், கிராபைட்டும் கொழுப்பும் ஏற்றிப் பின்னிய சதுரக் கயிற்றை வளையங்களாக வைத்து, கிளாண்டு என்னும் அமுக்கியால் இறுக்குவது. விலை குறைவு, கிராமத்திலேயே மாற்றலாம், தேய்வதற்கு முன் எச்சரிக்கை தரும். ஆனால் ஓடும்போது சிறிது நீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்நீரே கயிற்றுக்கும் தண்டுக்கும் குளிர்ச்சியும் வழுவழுப்பும் அளிக்கிறது. முற்காலத்தில் வழங்கிய கல்நார்க் கயிறு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பதென்று தெளிவாகிவிட்டமையால், பழைய இருப்பு கையில் இருந்தாலும் அதை உபயோகித்தல் கூடாது.

இரண்டாவது வகை மெக்கானிக்கல் சீல். வழவழப்பாக மெருகிட்ட இரண்டு வளைய முகங்கள், ஒன்று தண்டோடு சுழல, மற்றொன்று உடலில் நிலைத்து நிற்க, வில்லின் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒரு முகம் கார்பனாலும் மற்றது பீங்கானாலும் ஆனவை. இது கண்ணுக்குத் தெரியும்படி ஒழுகாது, தண்டையும் அரிக்காது. ஆயினும் மணல் கலந்த நீரிலும், நீரின்றி வெறுமனே ஓடும்போதும் விரைவில் கெட்டுவிடும். கெட்டபின் இறுக்கிச் சமாளிக்க வழியில்லை. முழுவதும் மாற்றியே ஆகவேண்டும்.

பிரித்தற்கு அரிய பம்பு தன்னையே கெடுத்துக்கொள்ளும்

அடைப்பை அணுகுவது கடினமாயிருக்குமாயின், அதனால் வரும் தீமை காலதாமதம் மட்டுமன்று. குழாய்களைக் கழற்றி, மோட்டாரைப் பெயர்த்து, ஆட்களைக் கூட்டினாலன்றிக் கயிற்றை மாற்ற முடியாதென்றால், உடையவர் அதை ஒத்திவைப்பது இயற்கை. ஒழுக்கு மிகும்போதெல்லாம் கிளாண்டை இன்னுமொரு சுற்று இறுக்கிவிடுவார். மிகையாய் இறுகிய பழங்கயிறு சூடேறிக் காய்ந்து கெட்டிப்பட்டு, அரத்தைப்போல் தண்டை அராவும். தண்டில் பள்ளம் விழுந்தபின் புதுக்கயிறு வைத்தாலும் ஒழுக்கு நில்லாது. இவ்வாறு, சில முழக் கயிற்றோடு முடியவேண்டிய வேலை தண்டையே மாற்றும் செலவாய் முடிகிறது. எனவே, எளிதில் பிரிக்கத்தக்க அமைப்பே பம்பின் ஆயுளைக் காப்பதாகும்.

வாங்குமுன் கவனிக்கவேண்டிய அமைப்புகள்

1. தண்டின் மேலுறை: அடைப்பு உராயும் இடத்தில் தண்டின்மேல் வெண்கலத்தாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆன கழற்றத்தக்க உறை இருத்தல் வேண்டும். தேய்வது உறையாயின் அதை மட்டும் மாற்றித் தண்டைக் காப்பாற்றலாம்.

2. இரு பாதியான கிளாண்டு: அமுக்கி இரண்டு துண்டாகப் பிரியுமாயின், தண்டைக் கழற்றாமலே அதை முற்றும் அகற்றலாம். ஒரே வளையமாயிருந்தால் தண்டின்மேல் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு, எஞ்சிய சிறு சந்தில் வேலை செய்ய நேரிடும்.

3. கை நுழையும் இடம்: அடைப்புப் பெட்டிக்கும் பேரிங் கூட்டுக்கும் நடுவே இரு கைகளும் தாராளமாய் நுழைய இடம் வேண்டும். சொட்டும் நீர் பேரிங்கை எட்டாதபடி தண்டில் ஒரு நீர்தெறிப்பு வளையமும், அந்நீர் வடிந்து செல்லத் துவாரமும் இருப்பது நலம்.

4. பின்புறமாக உருவும் அமைப்பு: பம்பின் உடலும் இரு குழாய்களும் இருந்த இடத்திலேயே இருக்க, பின்மூடியின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, இம்பெல்லர், தண்டு, அடைப்பு, பேரிங் யாவையும் ஒருசேரப் பின்புறமாய் உருவிக்கொள்ளும் அமைப்பு இது. குழாய் மூட்டுகளைத் தொடாமையால், மறுபடி பூட்டும்போது அங்கே புதிதாய்க் காற்றுக் கசிவு உண்டாகாது. மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்த மானோபிளாக் பம்புகளிலும், உடல் குழாயோடு நிற்க மோட்டார் பின்னுக்கு நகரும்படி அமைந்தவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

5. இடைத்துண்டுள்ள இணைப்பு: மோட்டாரையும் பம்பையும் கப்ளிங்கால் இணைக்கும்போது, நடுவே கழற்றத்தக்க ஒரு துண்டு இருக்குமாயின், அதை எடுத்த வெற்றிடத்தின் வழியாகவே உட்பகுதியை உருவிவிடலாம். மோட்டாரைப் பெயர்க்க வேண்டாமாதலின், நேர்கோட்டில் அதை மறுபடி நிறுத்தும் நுட்பமான வேலை மிச்சமாகும்.

6. தள்ளு திருகுக்குரிய மரைகள்: துருவேறி இறுகிய பின்மூடியைச் சுத்தியலால் அடித்துப் பிரித்தால் வார்ப்பிரும்பு விண்டுபோகும். மூடியில் மரையிட்ட இரண்டு துவாரங்கள் இருந்தால், அவற்றில் போல்ட்டைத் திருகி மூடியை ஒரே சீராய் விலக்கலாம்.

ஒருபக்க உறிஞ்சு வாயுள்ள பம்புகளின் வெளியளவுகளை ஒழுங்குபடுத்திச் சர்வதேச தர நிர்ணய ஸ்தாபனம் 1975-இல் 2858-ஆம் எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. அதைப் பின்பற்றிச் செய்த பம்பானால், ஒரு கம்பெனியின் பம்பு இருந்த இடத்தில் அதே அளவுள்ள வேறொரு கம்பெனியின் பம்பை, குழாய்களை மாற்றாமலே பொருத்தலாம். பெரிய ஏற்றுநீர்ப் பாசனத் திட்டங்களில் உள்ள, உடல் இரு பாதியாய்ப் பிளந்த பம்புகளில், மேற்பாதியைத் தூக்கினாலே உட்பகுதி முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

கயிற்றை மாற்றும் முறை

முதலில் மின்சாரத்தை மெயின் சுவிட்சில் நிறுத்தி, பியூஸ்களை எடுத்துத் தம் வசம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கிளாண்டை விலக்கி, பழைய கயிறு முழுவதையும் கொக்கியால் வெளியே எடுக்க வேண்டும். பழையதன்மேல் ஒரு வளையம் புதிதாய்ச் சேர்த்து ஒப்பேற்றுதல் பிரயோஜனமற்ற வேலை. அடியிலுள்ள கெட்டிப்பட்ட வளையங்களே தண்டை அராவுகின்றன.

கயிற்றின் கனம், பெட்டியின் உள்விட்டத்திலிருந்து உறையின் வெளிவிட்டத்தைக் கழித்து வருவதில் பாதியாகும். பெட்டி 50 மில்லிமீட்டர், உறை 30 மில்லிமீட்டர் எனின், கயிறு 10 மில்லிமீட்டர். கனத்த கயிற்றைச் சுத்தியலால் தட்டி நுழைத்தல் தவறு. உறையின் விட்டமே உள்ள ஒரு கட்டையில் கயிற்றைச் சுற்றிக் கூரிய கத்தியால் வெட்டினால் வளையங்கள் யாவும் ஒரே அளவாய் அமையும். ஒவ்வொன்றாய் உள்ளே செலுத்தி, ஒவ்வொன்றையும் அழுத்தி அமர்த்த வேண்டும். ஒரு வளையத்தின் மூட்டு முந்தியதன் மூட்டிலிருந்து கால் வட்டம் தள்ளி இருத்தல் வேண்டும். மூட்டுகள் ஒரே வரிசையில் நின்றால் அதுவே நீருக்கு வாய்க்காலாகிவிடும்.

சில பம்புகளில் வளையங்களின் நடுவே துளைகளுள்ள உலோக வளையம் ஒன்று இருக்கும். வெளியேற்று பக்கத்திலிருந்து சிறு குழாய் வழியாக வரும் நீர் அதைச் சூழ நின்று, காற்று உட்புகாமல் தடுக்கிறது. பெட்டியிலுள்ள நீர்த் துவாரத்திற்கு நேராகவே அதை வைக்க வேண்டும். இடம் தவறினால் கயிறு துவாரத்தை மூடிக்கொள்ளும். புதுக்கயிறு வைத்தும் பம்பு காற்றுப் பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நட்டுகளை முதலில் கைவிரலால் மட்டும் திருகி, பம்பில் நீர் நிரப்பி ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் நீர் தாராளமாய் ஒழுகட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரு நட்டுகளையும் சமமாக, ஆறில் ஒரு சுற்றுக்கு மேற்படாமல் இறுக்கி, நிமிஷத்துக்கு 40 முதல் 60 சொட்டுகள் வரையில் ஒழுக்கைக் குறைக்க வேண்டும். சொட்டு இருபது ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், 60 சொட்டு வீதம் மணி ஒன்றுக்கு 180 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு செம்பளவு நீரே செலவாகும். இதை வீணென்று கருதி முற்றும் நிறுத்த முயல்வோர் தண்டை இழப்பர். பெட்டி கை பொறாதபடி சுட்டால் உடனே பம்பை நிறுத்தி, ஆறவிட்டு ஓட்ட வேண்டும். ஓடும் தண்டின் அருகில் வேலை செய்வோர் மேல்துண்டை அகற்றி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுதல் உயிருக்குக் காப்பாகும்.

மெக்கானிக்கல் சீல் மாற்றுவோர்க்கு

இரு முகங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய முகத்தோடு புதியது பொருந்தாது. மெருகிட்ட முகத்தைக் கைவிரலாலோ அழுக்குத் துணியாலோ தொடலாகாது. தண்டிலுள்ள பிசிறுகளை மெல்லிய எமரித்தாளால் நீக்கித் துடைத்து, ரப்பர்ப் பாகம் எளிதில் ஏறச் சிறிது சோப்பு நீரைத் தடவலாம். கனிம எண்ணெய் சிலவகை ரப்பரை ஊதச் செய்யுமாதலால் அதை விலக்குக. நீர் நிரப்பாமல் பரீட்சைக்காக ஒரு கணம் ஓட்டிப் பார்ப்பதும் புதிய சீலைக் கெடுத்துவிடும். மணல் வரும் கிணறுகளுக்கு, சிலிக்கன் கார்பைடு போன்ற கடினமான முகங்களுள்ள சீலைக் கேட்டு வாங்குவது நலம்.

மூலகாரணத்தை ஆராய்க

அடைப்பு அடிக்கடி கெடுமாயின் குற்றம் பெரும்பாலும் அடைப்பில் இராது. பேரிங் தேய்ந்து தண்டு ஆடுதல், மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் நில்லாமை, தாங்கலற்ற குழாயின் பாரம் பம்பின்மேல் விழுதல், பெல்ட்டை மிகையாய் இழுத்துக் கட்டியதால் தண்டு ஒருபுறம் சாய்தல், நீரில் மணல் கலத்தல் ஆகியவை காரணங்களாம். எடுத்த கயிறு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டின் சாய்வையும் பேரிங்கையும் முதலில் சோதிக்க வேண்டும். நோயைத் தீர்க்காது கயிற்றை மட்டும் மாற்றுதல் வீண் செலவே.

கிராமப் பொதுப் பம்புகள்

குடிநீருக்கும் கூட்டு இறைவைக்கும் உரிய பம்புகளைக் கண்காணிக்கும் கிராம அதிகாரிகள், ஒவ்வொரு பம்புக்கும் ஒரு குறிப்பேடு வைத்தல் நன்று. அதில் கயிற்றின் கனம், வளையங்களின் எண்ணிக்கை, உறையின் விட்டம் அல்லது சீலின் அளவு, மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி வரவேண்டும். ஒருமுறை மாற்றத்துக்குப் போதுமான கயிறு அல்லது ஒரு சீல், ஒரு மேலுறை, பின்மூடிக்குரிய காகித வளையம் இவற்றை எப்போதும் கையிருப்பில் வைத்திருத்தல் வேண்டும். பம்பு நின்றபின் நகருக்கு ஆளனுப்பி அளவு தேடுவதிலேயே பெரும்பாலான நாட்கள் கழிகின்றன என்பதை யாவரும் அறிவர்.

புதிய பம்பு வாங்குவோர், விலைப் பட்டியலைப் பார்ப்பதோடு நில்லாமல், கடையிலேயே பின்மூடியைக் கழற்றி அடைப்பை எடுத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். எத்தனை போல்ட்டுகள் கழற்ற நேர்ந்தன, எந்தெந்தக் கருவிகள் தேவைப்பட்டன, குழாயைத் தொட வேண்டியிருந்ததா என்பவற்றை நேரில் பார்த்துக்கொண்டால், பயிர் வாடும் வேளையில் அந்தப் பம்பு எத்தகைய துணையாயிருக்கும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.