மின்சைக்கிளுடன் நெடுந்தூர ரயிலில் ஏறலாமா?

கனடாவின் மொன்றியல் மாநகருக்கு எதிரே, செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ளது லொங்குய்ய் நகரம். 1930 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜாக் கார்ட்டியே பாலமும், 1967 ஆம் ஆண்டு முதல் ஆற்றின் அடியில் ஓடும் சுரங்க ரயிலும் இந்நகரை மொன்றியலுடன் இணைக்கின்றன. அந்தப் பாலத்தின் சைக்கிள் பாதையில் இப்போது மின்சைக்கிள்கள் வழமையான காட்சியாகிவிட்டன.

ஆனால், அதே மின்சைக்கிளை ரயிலில் ஏற்றிச் சென்று இன்னொரு ஊரில் ஓட்ட விரும்பும் ஒருவருக்கு வழி அவ்வளவு எளிதாக இல்லை.

லொங்குய்யை அடுத்துள்ள செயின்ட் லம்பேர் நிலையத்தில், மொன்றியலில் இருந்து அட்லாண்டிக் கரையிலுள்ள ஹலிஃபாக்ஸ் நகருக்குச் செல்லும் 'ஓஷன்' ரயில் நின்று செல்கிறது. 1904 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த ரயில் சேவை, 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. பயணிகளின் பொதிகளுக்கென அதில் தனிப்பெட்டி உண்டு. சாதாரண சைக்கிள் அங்கே மற்றொரு பொதி, அவ்வளவுதான். மின்சைக்கிள் என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது: அது சைக்கிளா, வாகனமா, அல்லது ஆபத்தான பொருளா?

சாலையைப் பொறுத்தவரை கியூபெக் மாகாணச் சட்டம் இதற்குத் தெளிவான பதிலைத் தருகிறது. மோட்டாரின் திறன் 500 வாட்டுக்குள்ளும், அதன் உதவியுடன் செல்லும் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது சைக்கிள்தான். 18 வயது நிரம்பியவருக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. தலைக்கவசம் மட்டும் கட்டாயம். ஆனால் ரயில் நிறுவனங்கள் பார்ப்பது மோட்டாரை அல்ல, அதற்கு மின்சாரம் வழங்கும் பற்றரியை.

விமானத்தில் இடமில்லை

மின்சைக்கிள் பற்றரி ஒன்று 36 வோல்ட் அழுத்தமும் 13 ஆம்பியர்-மணிக் கொள்ளளவும் உடையதென வைத்துக்கொண்டால், அதில் சேமிக்கப்படும் ஆற்றல் 468 வாட்-மணி. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி, 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பற்றரிகளையே பயணி பொதுவாகத் தன்னுடன் எடுத்துச் செல்லலாம். 160 வாட்-மணி வரை எடுத்துச் செல்ல விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்டவை பயணிகளின் பொதியில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை.

ஆகவே, சொந்தக் கார் இல்லாத ஒருவர் தனது மின்சைக்கிளைத் தொலைதூரம் கொண்டுசெல்ல எஞ்சியிருப்பவை பஸ்ஸும் ரயிலும்தான். ரயில் நிறுவனங்கள் வகுக்கும் விதிகள் முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே.

தீ மூளும் விதம்

இந்தப் பற்றரிகளுக்குள் டசின் கணக்கான சிறு கலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கலத்திலும் நேர்முனையையும் எதிர்முனையையும் மெல்லிய தடுப்பு ஒன்று பிரிக்கிறது. கீழே விழுந்து அடிபடுவதாலோ, நீர் புகுவதாலோ, பொருத்தமற்ற சார்ஜரைப் பயன்படுத்துவதாலோ, உற்பத்திக் குறைபாட்டாலோ அந்தத் தடுப்பு சிதைந்தால் கலத்துக்குள்ளேயே மின்கசிவு ஏற்பட்டு வெப்பம் உயர்கிறது. ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைப் பற்ற, சில நிமிடங்களில் பற்றரி முழுவதும் எரியத் தொடங்கலாம்.

சில வகைக் கலங்களில் உள்ள இரசாயனப் பொருட்கள் சூடேறும்போது தாமாகவே ஆக்சிசனை வெளியிடுகின்றன. எனவே காற்றைத் தடுத்து மட்டும் இத்தீயை அணைத்துவிட முடியாது; பெருமளவு நீரால் குளிரவைக்க வேண்டும். கூடவே நச்சு வாயுக்களும் வெளியேறுகின்றன. திறந்த வெளியில் விலகி ஓட முடியும். ஓடும் ரயிலில் அது இயலாது.

தடையும் சான்றிதழும்

2023 டிசம்பர் 31 ஆம் தேதி ரொறன்ரோ சுரங்க ரயில் ஒன்றில் மின்சைக்கிள் தீப்பற்றி எரிந்ததில் ஒருவர் காயமடைந்தார். இதையடுத்து அந்நகரின் போக்குவரத்து ஆணையம், 2024 நவம்பர் 15 முதல் 2025 ஏப்ரல் 15 வரை தனது வாகனங்களிலும் நிலையங்களிலும் மின்சைக்கிள்களுக்குத் தடை விதித்தது. பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் ஈரமும் பற்றரியைப் பாதிக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆனால் அதே பிராந்தியத்தில் 'கோ' ரயில்களை இயக்கும் மெட்ரோலிங்க்ஸ் நிறுவனம் 2024 இல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. பாதுகாப்புச் சான்று பெற்ற பற்றரி உள்ள மின்சைக்கிளுக்கு அனுமதி, மற்றவற்றுக்கு இல்லை என்பதே அதன் விதி.

லண்டனில் 2021 டிசம்பரில் மின் ஸ்கூட்டர்கள் தடை செய்யப்பட்டன. 2025 பிப்ரவரியில் ரேய்னர்ஸ் லேன் நிலையத்தில் மின்சைக்கிள் ஒன்று தீப்பிடித்ததைத் தொடர்ந்து, மார்ச் 31 முதல், மடக்க முடியாத மின்சைக்கிள்களும் நகரின் பெரும்பாலான ரயில் சேவைகளில் தடை செய்யப்பட்டன. தமிழர்கள் கணிசமாக வாழும் ஹரோ பகுதியில் இந்த நிலையம் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியமோ எதிர்த்திசையில் நகர்கிறது. 2021 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட ரயில் பயணிகள் உரிமைச் சட்டத்தின்படி, புதிதாக வாங்கப்படும் ரயில்களில் குறைந்தபட்சம் நான்கு சைக்கிள்களுக்கு இடம் இருக்க வேண்டும். ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் மோட்டார் உதவி தரும் மின்சைக்கிளுக்கும் முன்பதிவு செய்து இடம் பெறலாம். அமெரிக்காவின் அம்ட்ராக் நிறுவனம் எடையைக் கொண்டு எல்லை வகுக்கிறது: 50 பவுண்டு, அதாவது சுமார் 22.7 கிலோ. மலிவு விலை மின்சைக்கிள்கள் பல இதைவிடக் கனமானவை.

எந்தப் பெட்டியில் வைப்பது?

நெடுந்தூர ரயிலுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பொதிப்பெட்டியில் வைத்தால் பயணிகளிடமிருந்து ஆபத்து விலகியிருக்கும். ஆனால் அங்கே புகை கிளம்பினால் உடனே கவனிக்க ஆள் இருக்காது. பயணிகள் பெட்டியில் வைத்தால் உடனே கண்ணில் படும். ஆனால் ஆபத்து மனிதர்களுக்கு நடுவே இருக்கும்.

விமானத் துறை, உதிரி லித்தியம் பற்றரிகள் பயணியின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கு அறையில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. ஆனால் அது கைப்பேசி, கணினி போன்ற சிறு பற்றரிகளுக்கு வகுக்கப்பட்ட விதி. அதைவிடப் பல மடங்கு பெரிய மின்சைக்கிள் பற்றரிக்கு அதே தர்க்கத்தை அப்படியே பொருத்திவிட முடியாது.

இந்தியாவில் மோட்டார் சைக்கிளை ரயிலில் பார்சலாக அனுப்புவோர் பெட்ரோல் தொட்டியைக் காலி செய்தே ஒப்படைக்க வேண்டும். 1989 ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 164 ஆவது பிரிவு, ஆபத்தான பொருட்களைச் சட்டவிரோதமாக ரயிலில் எடுத்துச் செல்வோருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 ஆம் தேதி மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில்பெட்டி ஒன்றில், தடையை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரால் ஏற்பட்ட தீயில் ஒன்பது பேர் உயிரிழந்தது, இத்தகைய விதிகளின் அவசியத்தை நினைவுபடுத்தியது.

ஆனால் பெட்ரோல் தொட்டியைப் போலப் பற்றரியை முழுமையாகக் காலி செய்துவிட முடியாது. மின்னேற்றத்தைக் குறைத்தால் தீயின் வேகம் குறையும், அபாயம் அற்றுப்போகாது. தனியே அனுப்பப்படும் லித்தியம் பற்றரிகளைச் சரக்கு விமானங்களில் ஏற்ற 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது என்ற விதி 2016 இல் வந்ததன் அடிப்படை இதுவே.

சுமை யார் மீது?

இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பது தொழில்நுட்பம் மட்டுமல்ல. நியூயோர்க் நகரில் 2023 ஆம் ஆண்டில் லித்தியம் பற்றரித் தீயில் 18 பேர் உயிரிழந்தனர். அந்நகரம் அதே ஆண்டு செப்டம்பர் முதல், அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்று இல்லாத மின்சைக்கிள்களின் விற்பனையைத் தடை செய்தது. அதாவது, பொறுப்பை ஓட்டுபவரிடமிருந்து விற்பவருக்கு மாற்றியது.

ரயில் மேடையில் விதிக்கப்படும் முழுத்தடை இதற்கு நேர்மாறானது. சான்று பெற்ற விலையுயர்ந்த வண்டியையும், இணையத்தில் வாங்கிய பற்றரியைப் பொருத்தி ஓட்டும் வண்டியையும் அது ஒன்றாகவே கருதுகிறது. பின்னதை ஓட்டுவோரில் பலர் உணவு விநியோகம் செய்யும் புதிய குடியேற்றவாசிகளும் மாணவர்களும்தான். அவர்களிடையே தமிழர்களும் உள்ளனர். சான்றிதழை மட்டும் கேட்கும் விதியும் அவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும். எனினும், எதை வாங்கினால் ரயிலில் ஏறலாம் என்பதையாவது அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சந்தையில் பாதுகாப்பற்ற பற்றரிகள் விற்கப்படுவதை அரசு தடுக்காத வரை, அதைத் தடுக்கும் வேலை ரயில் நிலைய ஊழியரின் தலையில்தான் விழும். அவரிடம் இருப்பதோ 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற இரு சொற்கள் மட்டுமே.

அதுவரை பயணிகள் செய்யக்கூடியது சிலவே: பயணச்சீட்டு வாங்குமுன் மின்சைக்கிள் எனத் தெளிவாகக் கூறி எழுத்தில் பதில் பெறுவது, பற்றரியின் சான்று முத்திரையைப் படமெடுத்து வைத்திருப்பது, மின்னேற்றத்தைக் குறைத்துக் கொண்டு செல்வது, ரயிலுக்குள் ஒருபோதும் மின்னேற்றம் செய்யாதிருப்பது. அடிபட்ட அல்லது வீங்கிய பற்றரியை, விதி அனுமதித்தாலும், ரயிலில் ஏற்றாமலிருப்பதே நல்லது.