புனேயில் எழுந்த செஞ்சிக் கோட்டை

பணி மாறுதலில் புனே நகருக்கு வந்த முதல் வாரம். கோத்ரூட் பகுதியிலுள்ள எங்கள் குடியிருப்பின் வாயிலில் ஒரு சிறுவன், "காகா! காகா!" என்று குரல் கொடுத்தான். நான் மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். மராத்தியில் அது சிற்றப்பாவைக் குறிக்கும் சொல் என்பதும், அழைக்கப்பட்டவன் நானே என்பதும் பிறகுதான் விளங்கின.

மொழி தெரியாதவனிடம் பெரியவர்கள் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு அந்தத் தயக்கமில்லை. நான் மராத்தியில் ஒரு வாக்கியம் சொன்னால் அதில் நான்கு திருத்தங்கள் சொல்வார்கள். 'ள' ஒலியில் மட்டும் எனக்கு முழு மதிப்பெண். ஹிந்தியில் இல்லாத அந்த ஒலி மராத்தியில் உண்டு.

மகாராஷ்டிரத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு வாசலில் 'கில்லா', அதாவது கோட்டை, கட்டுவார்கள். கல்லும் செங்கல்லும் அடுக்கி, அதன்மேல் சாக்கு விரித்து, குழைத்த மண்ணைப் பூசுவார்கள். சரிவுகளில் கடுகு தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாட்களில் புல்வெளிபோல் முளைத்துவிடும். உச்சியில் சத்ரபதி சிவாஜியின் பொம்மையும், படிகளில் 'மாவளே' எனப்படும் அவருடைய வீரர்களும் நிற்பார்கள்.

2025 தீபாவளிக்கு முன் அதே சிறுவன் வந்தான். "காகா, இந்த ஆண்டு ஜிஞ்சி கட்டப் போகிறோம். உங்கள் நாட்டுக் கோட்டைதானே? எப்படி இருக்கும், சொல்லுங்கள்."

ஜிஞ்சியா? அவன் நீட்டிய படத்தைப் பார்த்த பிறகே தெரிந்தது, அது நம் செஞ்சி. அவ்வாண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றியதையும், பின்னர் அவர் மகன் ராஜாராம் அங்கே தஞ்சம் புகுந்ததையும், முகலாயர் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல்தான் அதைப் பிடித்ததையும் அவன் மளமளவென்று ஒப்பித்தான்.

என் சொந்த ஊர் திண்டிவனம். திருவண்ணாமலை செல்லும் பேருந்தின் சன்னலிலிருந்து அக்கோட்டையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறையும் இறங்கியதில்லை. "உச்சியில் என்ன இருக்கிறது, காகா?" என்றான். கிளைக்கு வரும் வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரலில், "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என அங்கே மூன்று மலைகள் உண்டு என்பதை மட்டும் சொன்னேன். அவர்கள் ஒரு மலைக்குத்தான் மண் சேர்த்திருந்தார்கள்! மறுநாள் நானும் செங்கல் சுமந்தேன். கடைசியாகக் கட்டிய மலையில் கடுகு முளைக்கவில்லை. தீபாவளியன்றும் அது மொட்டையாகவே நின்றது. வெளியூர்களிலிருந்து வந்த விருந்தினரிடம் பிள்ளைகள், "இது காகாவின் ஊர்" என்று என்னைச் சுட்டிக்காட்டினார்கள். பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

பொங்கல் விடுப்பில் ஊருக்குச் சென்றபோது என் மகளுடன் ராஜகிரியில் ஏறினேன். படிகளை எண்ணிக்கொண்டே ஏறியும், பாதி வழியில் மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது.

புனே திரும்பியபோது சங்கராந்தி கடந்திருந்தது. ஆயினும் ரதசப்தமி வரை 'திள்கூள்' எனும் எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்துவது இங்கே வழக்கம். அந்தச் சிறுவன் எனக்காக ஒன்றை எடுத்து வைத்திருந்தான். கொடுப்பதற்கு முன், "எத்தனை படிகள், காகா?" என்று கேட்டான்.

எண்ணிக்கை தவறிய கதையைச் சொன்னேன்.

"நீங்கள் வங்கியில்தானே வேலை செய்கிறீர்கள்?" என்றபடி எள்ளுருண்டையை என் கையில் வைத்தான்.