வரிக் கடுதாசியை ஒளித்து வைக்காதீர்கள்!

தோழர்களே! வருமான வரி வாரியத்திலிருந்து கடுதாசி வந்தால், நம்மில் பலர் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். "பால்மரம் வெட்டுறவனுக்கு ஏது வரி?" என்ற நினைப்பு. ஆனால் பிள்ளைகள் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்கிறார்கள், சொந்த லோரி ஓட்டுகிறார்கள். வரி வீடு தேடி வருகிறது.

கெடு தாண்டினால் பாக்கியில் நூற்றுக்குப் 10 கூடும். கணக்குத் தப்பென்றால், மதிப்பீட்டு நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் 'கியூ' பாரத்தில் அப்பீல் செய்யலாம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டு மனுப் போடலாம்.

வாரியத்தின் கவுண்டரில் விளக்கம் கேட்கக் காசு கிடையாது. ஈ.ஏ. பாரம், ரசீதுகள், வந்த கடுதாசி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஈ.ஏ. பாரத்தை முதலாளி பிப்ரவரி முடிவதற்குள் தர வேண்டும். கிராணியிடம் கேட்டு வாங்குங்கள். ரசீதுகளை 7 வருஷம் பத்திரப்படுத்துங்கள்.

"நெறைய ரீபண்ட் வாங்கித் தாரேன், பாதி குடு" என்பவனிடம் ஜாக்கிரதை! பொய்க் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அவனல்ல. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பிரிட்டனில் 'டாக்ஸ்எய்ட்' என்ற தர்ம ஸ்தாபனம், குறைந்த வருமானக்காரர்களின் வரிச் சிக்கலை இலவசமாகத் தீர்த்து வைக்கிறது. நம் லயத்தில் பிறந்து கணக்காளரான பிள்ளைகளே! மாதம் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்தில் வந்து உட்காருங்கள். உங்களைப் படிக்க வைத்த கைகள் அந்தக் கடுதாசியைத் தைரியமாகப் பிரிக்கட்டும்.