பழந்துணி மூட்டையும் தையல் இயந்திரமும்: நிவாரணத்தில் சாதி நுழையும் இடங்கள்

புயல் கரையைக் கடந்த மறுநாளே கல்லூரி விடுதிகளிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் அட்டைப்பெட்டிகள் குவியத் தொடங்கிவிடுகின்றன. பிஸ்கட், மெழுகுவத்தி, கொசுவத்தி, பால்மாவு, போர்வை ஆகியவற்றோடு, யாரும் கேட்காமலேயே பழந்துணி மூட்டைகளும் வந்து சேர்கின்றன. தையல் தெரிந்த தோழியர் இயந்திரத்தோடு ஒரு மூலையில் அமர்கின்றனர். இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. அரசு இயந்திரம் அசைவதற்குள் சோறு கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பல இடங்களில் இத்தகைய இளைஞர்களே. ஆனால் சேகரித்த பொருள் யாரிடம் போகிறது என்னும் கேள்வி, வண்டி புறப்பட்ட பிறகே நமக்கு நினைவுக்கு வருகிறது. அதை முதல் நாளே கேட்க வேண்டும் என்பதற்குச் சட்டத்திலும் வரலாற்றிலும் காரணங்கள் உள்ளன.

நம் கிராமங்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். பேருந்து நிற்கும் சாலை, நியாயவிலைக் கடை, ஊராட்சி அலுவலகம், கோயில் மண்டபம் ஆகியவை பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும். சேரியோ வாய்க்காலைத் தாண்டி, தாழ்ந்த நிலத்தில், வண்டி திரும்ப முடியாத பாதையின் முடிவில் இருக்கும். வெள்ளம் முதலில் புகுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை, வேதாரண்யம் கரையைத் தாக்கியபோது, வெளியூர்களிலிருந்து வந்த நிவாரண வண்டிகள் பிரதான சாலையிலேயே நிறுத்தப்பட்டுப் பொருள்கள் இறக்கிக்கொள்ளப்பட்டன. அதில் தீய நோக்கம் இருந்தாக வேண்டியதில்லை. பசித்தவர்கள் கைநீட்டினார்கள், இளைஞர்கள் கொடுத்தார்கள். ஆனால் சாலையோரம் யாருடையது என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்திருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இது இன்னும் வெளிப்படையாக நிகழ்ந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நிவாரணத் திட்டங்கள் படகையும் வலையையும் அளவுகோலாகக் கொண்டன. படகில்லாத தலித் விவசாயக் கூலிகளும், கழிமுகங்களில் கையால் மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த இருளரும் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. முகாம்களிலும் குடிநீரிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அன்றைய செய்திகள் பதிவுசெய்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2005 அறிக்கையும் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டியது. அதே வேளையில், சடலங்களையும் இடிபாடுகளையும் அகற்றுவதற்காகப் பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் நாகைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிவாரணப் பொட்டலம் கட்டியவர் ‘தன்னார்வலர்’ எனப் பெயர் பெற்றார். அழுகிய உடலைத் தூக்கியவருக்கு அந்தப் பெயரும் இல்லை, கையுறையும் பலருக்கு இல்லை.

அந்த நாள்களில் நாகைக் கடற்கரைச் சாலைகளின் ஓரத்தில் பழந்துணிகள் மலையாகக் கிடந்தன. மீனவ மக்கள் பிறர் உடுத்திக் களைந்ததை உடுத்த மறுத்தனர். ‘இல்லாதவனுக்கு இவ்வளவு வீம்பா’ என்று கேட்டவர்கள் உண்டு. அந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது என்பதே நமது கருத்து. டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு பின்னர் தமிழக அரசோடு இணைந்து அவற்றில் பயன்படக்கூடியவற்றைப் பிரித்தெடுத்தது, எஞ்சியவை குப்பையாயின. அந்தக் குப்பையையும் அதே துப்புரவுத் தொழிலாளர்களே அள்ள நேர்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழந்துணியை வெறும் துணியாகக் காண நம்மால் இயலாது. மநுவின் பத்தாம் அத்தியாயம் சூத்திரருக்குப் பழைய ஆடையையும் சண்டாளருக்கு இறந்தோரின் ஆடையையும் விதிக்கிறது. அது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர் மீது சுமத்தப்பட்ட எட்டுத் தடைகளை ஜே. எச். ஹட்டன் பதிவுசெய்துள்ளார்: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ அணியக் கூடாது, பெண்கள் ரவிக்கையாலும் தாவணியாலும் மேலுடலை மறைக்கக் கூடாது. நூறாண்டு ஆகாத செய்தி இது. பண்ணைவீட்டில் கழித்துப்போட்ட வேட்டியைக் கூலியின் ஒரு பகுதியாகப் பெற்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் கல்லூரிகளில் படிக்கின்றனர். எனவே கிழிந்த சட்டையை மூட்டையில் போடுபவர் கருணையோடு போட்டாலும், அதைப் பிரிப்பவர் கையில் அது வேறு பொருளாகிறது. பழைய துணியைத் திரட்டுவதில்லை என்று ஒரு குழு முதலிலேயே அறிவித்துவிடுவது நல்லது. துணிக்குப் பதில் பணம் கேட்கலாம்.

இங்கேதான் தையல் முக்கியத்துவம் பெறுகிறது. நன்கொடையாளர்கள் சேலை அனுப்புவார்கள். உள்பாவாடையும் ரவிக்கையும் இன்றிச் சேலையை எப்படி உடுத்துவது? அவற்றை அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. உள்பாவாடைக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் பாப்ளின் துணியும் நாடாவும் போதும். நாடாவை இறுக்கித் தளர்த்திக்கொள்ளலாம் என்பதால் ஒரே அளவு பலருக்கும் பொருந்தும். மொத்தமாகத் தைப்பதற்கு ஏற்றது. ரவிக்கை அப்படியன்று. மூன்று நான்கு அளவுகளில் தைத்து, பக்கத் தையலில் இரண்டு விரற்கடை துணி உள்ளே விட்டுவைத்தால், வாங்குபவர் பிரித்துத் தம் உடலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்ட ரவிக்கையை அளவு பார்த்துப் புதுத்துணியில் தைத்துக் கொடுப்பதற்கும், அடுத்தவர் உடலுக்குத் தைத்ததைக் கழித்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

துணி நாப்கினைப் பற்றியும் ஒரு சொல். சூழலுக்கு நல்லது, செலவு குறைவு என்று நண்பர்கள் ஆர்வத்தோடு தைக்கின்றனர். ஆனால் அதைத் துவைக்க நீர் வேண்டும், வெயிலில் உலர்த்த மறைவான இடம் வேண்டும், அணிய உள்ளாடை வேண்டும். நூறு பேர் அடைபட்டிருக்கும் பள்ளிக்கூட முகாமில் இவை எவையும் இல்லை. ஊர்க் குழாயில் பாத்திரம் வைக்கவே சண்டை நடக்கும் இடத்தில் ஒரு தலித் பெண் எங்கே போய்த் துவைப்பார்? முதல் இரு வாரங்களுக்குக் கடை நாப்கினும் புதிய உள்ளாடையும் கொடுத்துவிட்டு, வீடு திரும்பிய பின் துணி நாப்கினைக் கொடுப்பதே பொருத்தம். எப்போது எது வேண்டும் என்பதை அப்பெண்களிடமே கேட்டறியலாம்.

தைப்பவர் யார் என்பதும் சாதியோடும் கூலியோடும் தொடர்புடைய கேள்வியே. 2020 ஊரடங்கில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முகக்கவசம் தைத்தபோது அது வருமானம் தரும் வேலையாகவும் இருந்தது. திருப்பூருக்கும் நூற்பாலைகளுக்கும் சென்று திரும்பிய எத்தனையோ பெண்கள் நம் காலனிகளில் வாழ்கின்றனர். தலித் தலைவரும் முன்னாள் அமைச்சருமான சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டமே இருக்கிறது. பாதிக்கப்பட்ட பகுதிக்கு அருகிலுள்ள இப்பெண்களிடம் துணியைக் கொடுத்து, நன்கொடைப் பணத்திலிருந்து உருப்படிக்கு இவ்வளவு என்று தையற்கூலி கொடுத்தால், பொருளோடு வேலையும் போய்ச் சேரும். நகரத்து மாணவர் வார இறுதியில் இலவசமாகத் தைப்பது பாராட்டத்தக்கது. புயலில் கூலி வேலையை இழந்த பெண்ணிடம் அதே இலவச உழைப்பைக் ‘சேவை’ என்று கேட்பது சுரண்டல்.

இனி சட்டத்துக்கு வருவோம். சுனாமிக்கு ஓராண்டு கழித்து இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் எந்தப் பாகுபாடும் கூடாது என்கிறது. வழங்குபவர் அரசாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்பிரிவு வரையறுக்கவில்லை. தன்னார்வக் குழுவையும் அது கட்டுப்படுத்துகிறது என்று வாதிட இடமுண்டு. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் உறுப்போ தனிநபரையும் நிச்சயமாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் 61ஆம் பிரிவுக்கு ஒரு பெருங்குறை உண்டு. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் 51 முதல் 60 வரையிலான பிரிவுகளில் அதை மீறுவது தனிக் குற்றமாக இடம்பெறவில்லை. கடமையைச் செய்ய மறுக்கும் அதிகாரியை 56ஆம் பிரிவின் கீழ் கொண்டுவர முயலலாம். தனிநபர் ஒருவர் அதற்காக நீதிமன்றத்தை அணுகுமுன் 60ஆம் பிரிவின்படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும்.

ஆகவே வலுவான கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, நீர்நிலை, குழாய், சாலை ஆகியவற்றைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும், பொது இடத்தில் நுழைய விடாமல் தடுப்பதும், அங்கே பொதுப் பயன்பாட்டுக்கென உள்ள பாத்திரங்களையும் பொருள்களையும் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் பிரிவு 3(1)(za)இன்கீழ் குற்றம். முகாமின் தண்ணீர்த் தொட்டியும் சமையற்பாத்திரமும் இதனுள் அடங்கும் என்பதே நமது வாசிப்பு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

எந்தப் பிரிவாயினும் சான்றின்றி நிற்காது. பேரிடர் வழக்குகளில் சான்று கிடைப்பதில்லை, ஏனெனில் யாரும் எழுதிவைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்பே தம் வட்டத்திலுள்ள காலனிகளின் பட்டியலை மாணவர் குழுக்கள் எடுத்துவிட முடியும்: எத்தனை வீடு, எந்தப் பாதை, எந்த மழைக்கு நீர் புகும், யாரை அழைக்க வேண்டும். காலனிக்குப் போய்விட்டோம் என்பதோடு திருப்தியடையவும் கூடாது. அருந்ததியர் தெரு அதற்கும் அப்பால் இருக்கலாம். புதிரை வண்ணாரின் ஒற்றை வீடும் இருளர் குடிசைகளும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். நம் இயக்கங்களின் உள்ளூர்ப் பொறுப்பாளர் கொடுக்கும் பட்டியலையும் சரிபார்த்தே ஆக வேண்டும். வழங்குமிடமாகக் கோயில் மண்டபத்தை ஏற்காதீர்கள். வீட்டு வாசலுக்கே செல்லுங்கள்.

கொடுத்த நாள், தெரு, பொருள், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு சாதாரண நோட்டில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். முகத்தைப் படமெடுத்துப் பகிர வேண்டாம், நோட்டு போதும். தடுத்தவர் யார், எந்த இடத்தில், என்ன சொல்லித் தடுத்தார் என்பதை அன்றிரவே எழுதி, உடனிருந்தோரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அரசு வழங்கிய நிவாரணத்தின் பயனாளிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இரண்டையும் தெரு வாரியாக ஒப்பிட்டால் விடுபட்ட வீடுகள் தெரியவரும். அந்த ஒப்பீட்டை, மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய வன்கொடுமைத் தடுப்புக் கண்காணிப்புக் குழுவின் முன் மனுவாக வைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.