கோணம் தப்பாத பரிசு

“அக்கா மகளுக்குப் பத்து வயது முடிகிறது. ‘சித்தி, எனக்கு என்ன வாங்கித் தருவீங்க?’ என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். மாதக் கடைசி. நல்லதாக வாங்கக் கையில் காசில்லை. நானே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்றால், மலிவாகத் தெரியுமோ என்று தயக்கமாக இருக்கிறது” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

அவருக்கு என் பதில்: ஒரு கலைடாஸ்கோப் செய்து கொடுங்கள். குழாய், உள்ளே கண்ணாடிகள், நுனியில் வளையல் துண்டுகள். உருட்டினால் கோலம் மாறும். அதை எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள் என்பதால் அறிமுகம் வேண்டியதில்லை. ஆனால் சரியாகச் செய்த ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா என்பது சந்தேகம்தான். இதன் தரத்தைப் பொருளின் விலை தீர்மானிப்பதில்லை, கோணம் தீர்மானிக்கிறது. கோணத்தைச் சரியாக வைக்க ஒரு காசும் செலவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ப்ரூஸ்டர். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அதன் தன்மை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர் அவர். இயற்பியல் மாணவர்கள் ‘ப்ரூஸ்டர் கோணம்’ என்று இன்றும் படிக்கிறார்கள். சாய்ந்து நிற்கும் கண்ணாடிகளுக்கிடையே பிம்பங்கள் வட்டமாக அடுக்கி நிற்பதை அந்த ஆய்வுகளின் நடுவில்தான் கவனித்தார். 1816இல் கருவிக்கு உருவம் கொடுத்து, 1817இல் காப்புரிமை பெற்றார். ஆனால் காப்புரிமை அவரைக் காக்கவில்லை. கருவியின் ரகசியம் வெளியே பரவியதும் ஆளாளுக்குச் செய்து விற்றார்கள். லண்டனிலும் பாரிஸிலும் மூன்றே மாதத்தில் 2 லட்சம் விற்றிருக்கும் என்று அவரே கணக்குச் சொன்னார். அவ்வளவிலும் முறைப்படி செய்யப்பட்டவை ஆயிரம்கூடத் தேறாது என்பதும் அவர் சொன்னதுதான். வருமானம் போனதைவிட, தன் கருவியின் உண்மையான அழகைப் பெரும்பாலோர் பார்க்கவே இல்லையே என்பது அவருக்குப் பெரிய குறையாக இருந்திருக்க வேண்டும். 1819இல் இந்தக் கருவிக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். கம்பள நெசவுக்கும் துணி அச்சுக்கும் புதுப்புது வடிவங்களைத் தரும் கருவியாகவும் அவர் இதைக் கருதினார்.

முறைப்படி செய்வது என்றால் என்ன என்று பார்ப்போம். இரண்டு கண்ணாடிப் பட்டைகளைப் புத்தகம் போல் விரித்து மேசைமேல் நிறுத்துங்கள். நடுவே ஒரு தாளில் ‘க’ என்று எழுதி வையுங்கள். இடைக்கோணம் 60 டிகிரியாக இருந்தால் வட்டத்தில் ஆறு ‘க’ தெரியும். ஒன்று அசல், மற்ற ஐந்தும் பிம்பங்கள். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அசலுக்கு இருபுறமும் உள்ளவை இடவலம் மாறியிருக்கும். அவற்றை அடுத்த இரண்டும் நேர் எழுத்தாகவே, ஆனால் திரும்பி நிற்கும். அசலுக்கு நேர் எதிரே இருப்பது மறுபடி மாறியிருக்கும். நேர், மாற்று, நேர், மாற்று என்று மும்மூன்றாக வட்டம் முடிகிறது.

அந்த எதிர்ப்புற ‘க’ எங்கிருந்து வருகிறது? இடக்கண்ணாடியில் தொடங்கி மூன்று முறை பட்டுத் திரும்பிய ஒளியும், வலக்கண்ணாடியில் தொடங்கி மூன்று முறை பட்டுத் திரும்பிய ஒளியும் அங்கே இரண்டு பிம்பங்களை உண்டாக்குகின்றன. கோணம் மிகச் சரியாக 60 இருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே எழுத்தாகிவிடும். கோணத்தை 55க்குக் குறையுங்கள். இரண்டும் விலகி, எழுத்து நடுவில் வெட்டுப்படும். பூவின் ஓர் இதழ் மட்டும் கோணலாக ஒட்டியது போல் ஆகிவிடும்.

72 டிகிரி வைத்தால்? 360ஐ 72 சரியாக ஐந்தாக வகுக்கும். ஆனாலும் ‘க’ பொருந்தாது. நேர், மாற்று என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிசை ஐந்தில் முடியாது. எங்கோ ஓரிடத்தில் ஒரே ஜாதித் துண்டுகள் இரண்டு பக்கத்தில் வந்து முட்டும். ஆகவே 360ஐ இரட்டைப்படையாக வகுக்கும் கோணமே வேண்டும். நாலாக வகுக்கும் 90, ஆறாக வகுக்கும் 60, எட்டாக வகுக்கும் 45, பத்தாக வகுக்கும் 36, பன்னிரண்டாக வகுக்கும் 30 என்று இந்த வரிசை போகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இரண்டு கண்ணாடி இருந்தால் இருட்டில் ஒரு பூ தெரியும். மூன்றாவது பட்டையையும் வைத்து முக்கோணமாக மூடினால் பார்வை எட்டும் மட்டும் பூக்கள் விரியும். ஒவ்வொரு பிம்பமும் மூன்றாவது கண்ணாடியில் மறுபடி பிம்பமாவதால் இடைவெளியே இல்லாமல் தளம் முழுதும் நிரம்புகிறது. ஆனால் எந்த முக்கோணத்தை வைத்தாலும் இப்படிப் பிசிறில்லாமல் நிரம்பிவிடாது. மூன்றே மூன்று முக்கோணங்களுக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. அதைப் பள்ளிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் மேலே சொன்ன வரிசையில் இருந்தாக வேண்டும். கூட்டினால் 180 வர வேண்டும். வரிசையில் 60ஐ விடப் பெரியது 90 மட்டும்தான். 90ஐச் சேர்க்காவிட்டால் மூன்றும் 60 ஆக இருந்தால்தான் 180 தேறும். இது முதல் முக்கோணம். 90ஐச் சேர்த்தால் மற்ற இரண்டும் சேர்ந்து 90 ஆக வேண்டும். அதற்கு இரண்டே வழி: 45உம் 45உம், அல்லது 60உம் 30உம். அவ்வளவுதான், நான்காவது கிடையாது. 60-60-60 முக்கோணத்தில் எல்லா மூலைகளிலும் ஆறு துண்டுகள் கூடும். 90-45-45இல் நாலும் எட்டும் கலந்து வரும். 90-60-30இல் ஒரு மூலையில் நாலு, ஒன்றில் ஆறு, ஒன்றில் பன்னிரண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் கூட்டல், கண்ணால் பார்க்கும் ஒரு எல்லையற்ற தளத்தையே கட்டுப்படுத்துகிறது. இதைவிட அழகான வடிவியல் பாடம் எனக்குத் தெரியாது.

அந்தத் தளம் எல்லையற்றது என்றாலும் ஓரத்துக்குப் போகப் போக மங்கும். எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் என் தலைகள் வரிசையாக உள்ளே உள்ளே போகும். ஐந்தாறு தலைக்கப்பால் உருவம் மங்கிப் பச்சையடித்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு மற்ற நிறங்களைச் சற்றுக் கூடுதலாக விழுங்குவதால் வரும் பச்சை அது. கலைடாஸ்கோப்பிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் பத்தில் ஒரு பங்கு ஒளி குறைகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஐந்தாம் முறையில் 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் இன்னொரு தொல்லை, ரசம் பின்பக்கம் பூசியிருப்பது. இதனால் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் கண்ணாடியின் கனம் ஒரு கறுப்புக் கோடாக விழுகிறது. ரசம் முன்பக்கத்திலேயே பூசிய கண்ணாடி வாங்கினால் விலை அதிகம். ஆனால் அது காயலான் கடையில் சும்மா கிடக்கிறது. பழுதான ஸ்கேனரையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் பிரித்தால் நீளமான ஒல்லிக் கண்ணாடிப் பட்டைகள் கிடைக்கும். பென்சில் முனையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். முனைக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் அது முன்பூச்சுக் கண்ணாடி. துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும்.

அது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. கண்ணாடிக் கடையில் வெட்டி எறிந்த ஓரத்துண்டுகளில் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். 3 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் மூன்று பட்டை வேண்டும். தனித்தனியாக வெட்டச் சொல்லாதீர்கள். 3 செ.மீ. அகலத்தில் 60 செ.மீ. நீளமான ஒரே பட்டையாக வெட்டி, அதை மூன்றாகத் துண்டு போடச் சொல்லுங்கள். அகலம் தானாக ஒன்றுபோல் அமையும். இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒரு பட்டை அரை மி.மீ. அகலம் கூடினாலும் எதிர்க்கோணம் 60லிருந்து ஏறக்குறைய 61 ஆகிவிடும். ஆறு துண்டுகளிலும் அந்தப் பிழை சேர்ந்து வட்டம் மூடாமல் போகும்.

விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, பட்டைகளை முக்கோணமாக நிறுத்தி, டேப் சுற்றி, உள்விட்டம் 4 செ.மீ.க்குக் குறையாத குழாயில் செருகுங்கள். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயோ, பிளம்பரிடம் மிஞ்சிய பிவிசி துண்டோ போதும். ஆடாமலிருக்கப் பழைய துணியைச் சுற்றிலும் திணியுங்கள். கண் வைக்கும் பக்கம் அட்டையில் ஒரு சிறு துளை. மறுபக்கம் ஒரு டப்பி. டப்பியின் உள்மூடி தெளிவான பிளாஸ்டிக்காக இருக்கட்டும், வெளிமூடிக்குள் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். டப்பி கண்ணாடி முனையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் பிம்பங்கள் ஒன்றோடொன்று சேராது. ப்ரூஸ்டர் மிகவும் அழுத்திச் சொன்ன விதிகளில் இது ஒன்று. கடைப் பொம்மைகள் பெரும்பாலும் தவறுவதும் இதில்தான்.

டப்பிக்குள் போட வளைகாப்பு வீட்டில் உடைந்த வளையல்களைவிட நல்ல சரக்கு இல்லை. ஒளி பின்னாலிருந்து வருவதால் ஊடுருவும் பொருளுக்குத்தான் நிறம் தெரியும். ஜிகினாவும் பொத்தானும் கறுப்பு நிழலாகத்தான் நிற்கும். டப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், துண்டுகள் புரள இடம் வேண்டும். 1870களில் அமெரிக்காவில் சார்லஸ் புஷ் என்பவர் திரவமும் காற்றுக் குமிழியும் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகளை உள்ளே போட்டுப் புகழ்பெற்றார். குழாயை நிறுத்திய பிறகும் குமிழி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்களும் டப்பியில் கிளிசரின் ஊற்றிப் பார்க்கலாம். துண்டுகள் நிதானமாக மிதந்து இறங்கும். ஆனால் ஒளியை வளைக்கும் திறனில் கிளிசரினும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், நிறமில்லாத துண்டுகள் அதில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அடர்ந்த நிறத் துண்டுகளாகப் போடுங்கள்.

பிள்ளையிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இதைச் சூரியனை நோக்கிப் பிடிக்கக் கூடாது.

வாசகியின் தயக்கத்துக்கு வருகிறேன். கையால் செய்தது மலிவாகத் தெரியும் என்ற பயம் நமக்கு எங்கிருந்து வந்தது? கையால் செய்வது என்றால் எப்படியோ ஒட்டிக் கொடுப்பது என்று நாமே பழக்கிவிட்டோம். பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றால் முந்தைய நாள் இரவு கடைக்குப் போய் ஆயத்தமாக வாங்கி வந்து பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறோம். வாங்கி வந்த பொருளைப் பிள்ளை ஒருபோதும் திறந்து பார்க்காது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துப் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்தவர் அரவிந்த் குப்தா. ஐஐடியில் படித்த பொறியாளர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பையிலிருந்து அவர் செய்த பொம்மைகள் மதிப்புப் பெற்றது அவை சரியாக வேலை செய்ததால்தான். செலவைக் குறைக்கலாம், கவனத்தைக் குறைக்கக் கூடாது. ஏழ்மையாகத் தெரிவது கவனமில்லாத வேலைதான். அது எவ்வளவு விலையுள்ள பொருளிலும் தெரியும்.

அதனால் அம்மா, டப்பியின் வெளிமூடியை ஒட்டிவிடாதீர்கள். திருகித் திறக்கும்படி விடுங்கள். கிளிசரின் ஊற்றினால் மட்டும் ஒழுகாத ரப்பர் வளையம் உள்ள மூடியாகப் பாருங்கள். விளிம்பு மழுக்கிய துண்டுகள் கொஞ்சம் தனிப் பொட்டலமாகவும், ‘க’ எழுதிய ஒரு சின்ன டிரேசிங் தாள் வட்டமும் கூடவே கொடுங்கள். “எத்தனை ‘க’ நேராக இருக்கிறது, எத்தனை இடவலம் மாறியிருக்கிறது, எண்ணிச் சொல்” என்று கேளுங்கள். மூன்று கண்ணாடி என்பதால் தளம் முழுதும் ‘க’ தெரியும். ஒரு மூலையைச் சுற்றியுள்ள ஆறை மட்டும் எண்ணினால் போதும். அவள் எண்ணி முடித்து “ஏன் சித்தி?” என்று கேட்டால், அதற்கான பதில் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. கேட்காமலே பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரிதான். கோணம் சரியாக இருந்தால் பூ முழுதாகத் தெரியும்.