மலையுச்சியில் ஒரு சிறிய வானொலி நிலையம்

வானொலி என்றதும் நம்மில் பலருக்குத் திருச்சி நிலையமும் இலங்கை வானொலியும்தான் நினைவுக்கு வரும். அது கேட்பதற்கான வானொலி. உரிமம் பெற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி ஒன்றும் உண்டு. அதுதான் அமெச்சூர் வானொலி. அதில் ஈடுபடுகிறவர்களை 'ஹாம்' என்பார்கள். இவர்களில் ஒரு சாரார் முழு நிலையத்தையும் முதுகுப் பையில் வைத்துக்கொண்டு மலையேறி, உச்சியில் நின்று பேசுகிறார்கள். மும்பைவாசியான நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஏன் ஏறுகிறோம், எப்படி ஏறுகிறோம், அதனால் யாருக்கு என்ன பயன் என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயரம் செய்யும் வேலை

144 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளில் வானொலி அலை பெரும்பாலும் பார்வை போலவே நேர்கோட்டில் செல்கிறது. பூமி உருண்டை என்பதால் ஓரளவு தூரத்துக்கு மேல் தரையே அதை மறைத்துவிடும். அந்தத் தூரத்தைக் கணக்கிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாம் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும்.

சமவெளியில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கையில் கருவியைப் பிடித்தால் சுமார் 5 கி.மீ. பத்தாவது மாடி, அதாவது 30 மீட்டர் என்றால், 22 கி.மீ. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கள்சுபாயின் 1,646 மீட்டர் உச்சியில் நின்றால் 166 கி.மீ.! இடையில் வேறு மலை குறுக்கிட்டால் இது குறையும். ஆனாலும் கணக்கு சொல்லும் செய்தி தெளிவானது. கருவியின் சக்தியைக் கூட்டுவதைவிட, நிற்கும் இடத்தை உயர்த்துவது பல மடங்கு பலன் தரும். அதனால்தான் ஒரு சிறிய பல்பு எரியும் அளவுக்கான 5 வாட் சக்தியே அங்கே போதுமானதாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது நம்மைப் போல அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகப் புரியும். மொட்டை மாடியில் கம்பி கட்ட எல்லாச் சொசைட்டிகளும் எளிதில் சம்மதிப்பதில்லை. சம்மதித்தாலும், சுற்றிலுமுள்ள எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள், லிஃப்ட் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து கருவியில் ஓயாத இரைச்சலைக் கிளப்பும். மலையுச்சியில் அந்த இரைச்சல் கிடையாது. நகரத்தில் கேட்கவே கேட்காத மெல்லிய குரல்கூட அங்கே கணீரென்று கேட்கும்.

விளையாட்டின் விதிகள்

மலையேறிப் பேசுவதை ஒழுங்கான விளையாட்டாக்கியது பிரிட்டனில் 2002-இல் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்னும் திட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சோட்டா' என்று அழைக்கிறார்கள். இந்தி தெரிந்த நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் பெயர் பொருத்தம்தான். எல்லாமே சின்னச் சின்னக் கருவிகள்!

விதிகள் சுவையானவை. உச்சியை நெருங்கும் கடைசிப் பகுதியை மோட்டார் வண்டி இல்லாமல் கடக்க வேண்டும். சாமான்கள் அனைத்தையும் ஏறுகிறவர்களே சுமக்க வேண்டும். மின்சாரத்துக்குப் பாட்டரியோ சூரியத் தகடோ இருக்கலாம், பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசினால்தான் புள்ளி. மலைக்கேற்ப 1 முதல் 10 வரை புள்ளிகள். ஆயிரம் சேர்த்தவருக்கு 'மலை ஆடு' என்று பட்டம். கீழே வீட்டிலிருந்தபடியே உச்சியில் இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பவர்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. புள்ளியில் நாட்டம் இல்லாதவர்களும் இவ்விதிகளைப் பின்பற்றலாம். நல்ல பயிற்சி அவற்றில் இருக்கிறது.

பையில் என்ன இருக்கும்?

என் பையில் வானொலிச் சாமான்களின் எடை 3 கிலோவைத் தாண்டாது. உள்ளங்கையில் அடங்கும் வி.எச்.எஃப். கருவி ஒன்று, 5 வாட் குறுஅலைக் கருவி ஒன்று. முன்பெல்லாம் 12 வோல்ட் ஈயப் பாட்டரி ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தது. இப்போது லித்தியம் பாட்டரி அதில் பாதி எடைகூட இல்லை. ஆண்டெனாவுக்கு மெல்லிய செம்புக் கம்பி. 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் நீளம், 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர். அதைத் தூக்கிப் பிடிக்க, ஒன்றுக்குள் ஒன்று செருகும் 6 மீட்டர் தூண்டில் கம்பு. கம்பியின் நடுப்பகுதியை அதன் நுனியில் கட்டி, இரு முனைகளையும் சாய்வாக இழுத்துக் கட்டினால் ஆண்டெனா தயார்.

இந்தக் குறுஅலைகள் மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் தொடுவானத்தையும் தாண்டிச் செல்லும். அது ஒத்துழைக்கிற நாளில், மராட்டிய மலையில் உட்கார்ந்திருக்கும்போது தமிழ்நாட்டு ஹாம் ஒருவர் "வணக்கம் சார், நல்லா கேக்குது" என்பார். ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆனாலும், அந்தக் குரலுக்கு ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது.

ஏறுவதும் இறங்குவதும்

கள்சுபாய்க்குப் போகக் கசாரா லோக்கல் பிடித்து, அங்கிருந்து இகத்புரி, கோட்டி வழியாகப் பாரி கிராமத்தை அடைய வேண்டும். பாரியிலிருந்து உச்சிக்கு ஏறச் சுமார் மூன்று மணி நேரம். செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணிகள் போட்டிருக்கிறார்கள். ஏணியில் இரு கைகளும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே கம்பைக் கையில் பிடிக்காமல் பையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

உச்சியில் கள்சுபாய் அம்மனின் சிறு கோயில் இருக்கிறது. சுற்றுவட்டார மக்கள் பக்தியோடு ஏறி வந்து கும்பிடும் இடம் அது. கோயில் சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ நம் கம்பியைக் கட்டக்கூடாது. வருகிறவர்கள் கால் தடுக்காதபடி ஓரமாக அமைத்துக்கொள்வதே மரியாதை. நவராத்திரியில் கூட்டம் அதிகம், அப்போது போகாமல் இருப்பது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் பாறை வழுக்கும். மழைக்கு முந்தைய மாதங்களில் பிற்பகல் இடி இருக்கும். மொட்டை உச்சியில் நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா மின்னலுக்கு அழைப்பிதழ் மாதிரி. ஒரு வசதி, தூரத்து மின்னலைக் கண்ணுக்கு முன்னால் வானொலியே காட்டிக் கொடுக்கும், 'சடசட'வென்று. அந்தச் சத்தம் நெருங்கி வந்தால், பாதிப் பேச்சானாலும் முடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். நான்காவது நிலையம் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கக்கூடாது. இருட்டும் முன் கீழே வரும்படி திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், டார்ச் விளக்கு, கூட ஒரு துணை, இவை இல்லாமல் ஏறாதீர்கள்.

செல்போன் இருக்க இது எதற்கு?

பலரும் கேட்கும் கேள்வி இது. செல்போன் கோபுரத்தை நம்பியிருக்கிறது. கோபுரம் மின்சாரத்தையும் கேபிளையும் நம்பியிருக்கிறது. ஹாம் வானொலிக்கு இரு முனையிலும் ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு பாட்டரி போதும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் தம் குழுவினருடன் அந்தமான் சென்றிருந்தார். உலக ஹாம்களோடு அந்தத் தீவுகளிலிருந்து பேசுவதற்காகப் போன பயணம் அது. டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அவர்கள் கொண்டுபோன அதே கருவிகள் அவசரத் தகவல் தொடர்புக்குப் பயன்பட்டன. தமிழர்கள் ஏராளமாக வாழும் தீவுகள் அவை. பொழுதுபோக்குக்காகக் கற்ற வித்தை, உறவினர் நிலையறியத் தவித்தவர்களுக்குக் கைகொடுத்தது.

மலையேறும் ஹாம் விடுமுறைதோறும் செய்வது இதே வேலையின் ஒத்திகைதான். மின்சாரம் இல்லாத இடத்தில், சுமந்து போன சாமானைக் கொண்டு, அரை மணிக்குள் ஒரு நிலையத்தை எழுப்பிவிடுகிறார். ஆபத்து நாளில் உதவுவது அலமாரியில் இருக்கும் கருவி மட்டுமில்லை, பழகிய கைகளும்தான்.

12 வயது நிரம்பிய யாரும் இதற்கான தேர்வை எழுதலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு, அடிப்படை மின்னணுவியலும் விதிகளும் படித்தால் போதும். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். உரிமத்தில் குறித்த முகவரியை விட்டு வேறிடத்திலிருந்து இயக்குவதற்கான விதிகளையும் படித்துக்கொண்ட பிறகே மலைக்குப் புறப்பட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் அலைநீளம் என்று படிக்கும் நம் பிள்ளைகள், அதே அலைநீளத்தைக் கம்பியில் அளந்து வெட்டி, மலையில் கட்டி, பதில் குரல் கேட்கட்டும். பெற்றோர்களும் கூடவே ஏறலாம்!